ஈமேக்ஸில் தமிழ் எழுத்து அழியும் விதம், தட்டும்போது உறைதல்: இதை பக் என்று எப்படி எழுதி அனுப்புவது?

வரிவடிவம்:

வணக்கம். ஆபீஸில் டெபியன் 12, அதில் ஈமேக்ஸ் எடிட்டர் 28.2. வீட்டில் உபுண்டு 24.04, ஈமேக்ஸ் 29.3. இரண்டிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, ஏறக்குறைய ஒரே இனிட் கோப்பு (ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் என் அமைப்புகள்). மூன்று சிக்கல்கள்:

1. "கொ" மேல் கர்சரை வைத்து டெலீட் அடித்தால் வீட்டில் முழு எழுத்தும் போகிறது. ஆபீஸில் "க" மட்டும் போய், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கின்றன.

2. ஆபீஸில் பேக்ஸ்பேஸ் அடித்தால் சில வரிகளில் "கொ", "கெ" ஆகிறது. வேறு சில வரிகளில் நேராக "க" ஆகிறது. ஒரே கோப்புதான். வீட்டில் இந்தக் குழப்பம் இல்லை.

3. வீட்டில் 2 எம்பி அளவுள்ள கோப்பில் தட்டச்சு செய்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரிரு விநாடி உறைகிறது.

மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பலாமா? யாருக்கு, எப்படி அனுப்புவது? "தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு இது எப்படிப் புரியும்" என்பதுதான் பெரிய கவலை.

---

புள்ளிக்காரன்:

ஒரு கடிதத்துக்கு ஒரு வழு (பக்). ஈமேக்ஸ் வழுக்களைப் பதியும் டெப்பக்ஸில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் விழும். மூன்றை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் ஒன்று தீர்ந்ததும் எண்ணை மூடிவிடுவார்கள், மற்ற இரண்டும் அதோடு புதைந்து போகும். ஆனால் உங்கள் முதல் இரண்டுமே வழு இல்லை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதல் சிக்கல்: ஈமேக்ஸ் 29-இல் டெலீட் விசை ஓடும் டெலீட்-ஃபார்வர்ட்-கேர் கட்டளையை மாற்றினார்கள். அதிலிருந்து அது கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் கொத்து முழுவதையும் அழிக்கும். 28.2-இல் ஒரு குறியீட்டை மட்டும் அழிக்கும். வீட்டில் 29.3, ஆபீஸில் 28.2, வேறுபாடு அங்கேதான். வீட்டிலேயே கண்ட்ரோல்-டி அடித்துப் பாருங்கள், அது வேறு கட்டளை (டெலீட்-கேர்) என்பதால் இன்றைக்கும் ஒரு குறியீட்டை மட்டும்தான் அழிக்கும். இதெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்று சொல்லும் நியூஸ் கோப்பில் இருக்கிறது. கண்ட்ரோல்-ஹெச் கண்ட்ரோல்-என் அடித்தால் திறக்கும். அதன் பக்கத்து வீடு கண்ட்ரோல்-ஹெச் கண்ட்ரோல்-பி, தெரிந்த பிரச்சினைகளின் பட்டியல். கடிதம் எழுதும் முன் இந்த இரண்டிலும் தேடிவிடுவது நல்லது.

இரண்டாவது சுவாரசியமானது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்:

க + ொ : 2965, 3018
க + ெ + ா : 2965, 3014, 3006

திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. பேக்ஸ்பேஸ் கடைசிக் குறியீட்டை மட்டும் அழிக்கிறது. முதல் வகையில் "ொ" போய் "க" மிஞ்சும். இரண்டாவதில் "ா" போய் "கெ" மிஞ்சும். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள், எங்கிருந்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருக்கும். தேடும்போது "கொடி" இருக்கிற வரியையே "இல்லை" என்று சொல்வதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். சந்தேகப்படும் எழுத்தின் ஒரு முனையில் கண்ட்ரோல்-ஸ்பேஸ், மறுமுனைக்கு நகர்ந்து எம்-: அடித்து (எம் என்றால் ஆல்ட் விசை) இதை ஓட்டுங்கள்:

(ஸ்ட்ரிங்-டு-லிஸ்ட் (பஃபர்-சப்ஸ்ட்ரிங் (மார்க்) (பாயிண்ட்)))

கீழே (2965 3018) என்றோ (2965 3014 3006) என்றோ வரும். "கௌ" என்றால் மூன்றாவது ஒரு கூத்தும் உண்டு: 2965, 3020 சரி, 2965, 3014, 3031 சரி, ஆனால் பலர் 3031-க்குப் பதில் சாதாரண ள-வை, அதாவது 2995-ஐ, தட்டிவிடுகிறார்கள். அது "கெள", ஔகாரமே இல்லை. அதை எடிட்டரின் தலையில் கட்ட முடியாது.

தமிழ் தெரியாதவருக்குப் புரிய வைப்பதற்கும் இந்த எண்கள்தான் வழி. "கொ என்று தட்டுங்கள்" என்று எழுதினால் அவரிடம் தமிழ் விசைப்பலகை இருக்காது. "ஸ்கிராட்ச் பஃபரில் (இன்செர்ட் 2965 3014 3006) ஓட்டுங்கள், ஒருமுறை பேக்ஸ்பேஸ் அடியுங்கள்" என்று எழுதினால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதே நிலைக்கு வந்துவிடுவார்.

வீட்டில் ஏன் இந்தக் கலப்பு இல்லை என்பதுதான் இடிக்கிறது. அதே கோப்பு என்றால் அங்கேயும் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒன்று அங்கே எழுத்தை மாற்றுகிறது. "ஏறக்குறைய ஒரே இனிட் கோப்பு" என்றீர்களே, அந்த "ஏறக்குறைய"வைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்.

---

ஒற்றுப்பிழை:

மூணாவதுக்கு நான் வரேன். உறைதல், தொங்குதல், ஸ்லோ இதுக்கெல்லாம் "ரொம்ப மெதுவா இருக்கு"னு எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல. எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு காட்டணும்.

முதல்ல டெர்மினல்ல ஈமேக்ஸ் மைனஸ் பெரிய க்யூ, கூடவே கோப்புப் பேரு. சின்ன க்யூ போட்டா உங்க இனிட் மட்டும்தான் ஏறாது, டிஸ்ட்ரோக்காரங்க வெச்ச சைட்-ஸ்டார்ட் கோப்பு ஏறிடும். பெரிய க்யூதான் ரெண்டையும் தடுக்கும், எக்ஸ் ரிசோர்ஸ் அமைப்பையும் சேர்த்து. அதுல உறையலன்னா பிரச்சினை உங்க வீட்டுக்குள்ள. உறைஞ்சா ஈமேக்ஸுக்குள்ள. இது தெரியாம கடிதம் போட்டீங்கன்னா முதல் பதிலே "க்யூ போட்டுப் பாத்தீங்களா"ன்னுதான் வரும், ஒரு நாள் போச்சு.

அப்புறம்:

எம்-எக்ஸ் டாகிள்-டீபக்-ஆன்-க்விட். இப்போ தட்டுங்க. உறையும்போதே கண்ட்ரோல்-ஜி. பேக்ட்ரேஸ்னு ஒரு பஃபர் திறக்கும், அந்த நேரத்துல எந்தெந்த ஃபங்ஷன் ஓடிட்டு இருந்துச்சுன்னு காட்டும். அதை எழுத்தா காப்பி பண்ணுங்க, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், படத்துல யாரும் தேட முடியாது. கம்பைல் ஆன கோப்புன்னா ட்ரேஸ்ல விவரம் குறைவா இருக்கும், அந்தப் பேக்கேஜோட .எல் மூலத்தை எம்-எக்ஸ் லோட்-ஃபைல் வெச்சு ஏத்திட்டு மறுபடி எடுங்க.

கண்ட்ரோல்-ஜி வேலை செய்யலன்னா வேற டெர்மினல்ல இருந்து பிகில் மூலமா சிக்யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்புங்க. ஈமேக்ஸ் அதை வாங்கினதும் டீபக்கருக்குள்ள போற மாதிரி டீஃபால்ட்டாவே வெச்சிருக்காங்க. அதுக்கும் அசையலன்னா சி நிரலுக்குள்ள சுத்துதுன்னு அர்த்தம். சி நிரலுக்கான டீபக்கர் ஜிடிபி: ஜிடிபி மைனஸ் பி, ப்ராசஸ் எண், உள்ள போய் பிடி ஃபுல். ஒரு தடவை எடுத்தா போதாது, எந்த ஃபங்ஷன் சுத்துதுன்னு தெரியாது. கன்டின்யூ குடுத்து நிறுத்தி ரெண்டு மூணு தடவை எடுங்க, இல்லன்னா ஃபினிஷ் ஃபினிஷ்னு அடிச்சுட்டே போங்க. எந்த ஃபங்ஷன்ல ஃபினிஷ் திரும்பி வரலையோ அதுதான் குற்றவாளி.

உங்க கேஸ் ஓரிரு விநாடின்னா டீபக்கர் சமயத்துல கைக்குச் சிக்காது. அப்போ எம்-எக்ஸ் ப்ரொஃபைலர்-ஸ்டார்ட், சிபியூ தேர்வு பண்ணி, 20 எழுத்து தட்டி, எம்-எக்ஸ் ப்ரொஃபைலர்-ரிப்போர்ட். சதவீதம் கனமா இருக்கிற கிளையை விரிச்சுட்டே போங்க. போஸ்ட்-கமாண்ட்-ஹூக்ல (ஒவ்வொரு கட்டளை முடிஞ்சதும் தானா ஓடுற வேலைகளோட பட்டியல்) மாட்டின வேலைன்னா இதுதான் வழி, ஏன்னா அந்த ஹூக் ஓடும்போது கண்ட்ரோல்-ஜி-யை ஈமேக்ஸ் அடக்கி வெச்சிருக்கும்.

திரை வரையும்போது வர்ற பிழைன்னா டாகிள்-டீபக்-ஆன்-எர்ரர்ல சிக்காது. 29-ல இருந்து பேக்ட்ரேஸ்-ஆன்-ரீடிஸ்ப்ளே-எர்ரர்னு ஒரு மாறி இருக்கு, அதை டி ஆக்கினா தனி பஃபர்ல பதியும்.

---

வரிவடிவம்:

இரண்டு பேருக்கும் நன்றி. டெலீட், பேக்ஸ்பேஸ் புரிந்தது. அளந்தேன், ஆபீஸ் கோப்பில் இரண்டு வகையும் கலந்துதான் இருக்கிறது. உறைதலுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா?

"தலைப்பு: அவசரம்!! ஈமேக்ஸில் தமிழ் வேலை செய்யவில்லை. உள்ளடக்கம்: பெரிய கோப்பில் தமிழ் தட்டினால் மிக மெதுவாக இருக்கிறது. ஹார்ஃப்பஸ் காரணமாக இருக்கலாம் என நினைக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். விரைவில் சரிசெய்யவும்."

---

புள்ளிக்காரன்:

சரியில்லை. மென்மையாகச் சொல்ல வழி தெரியவில்லை.

"வேலை செய்யவில்லை" என்பது ஒன்றும் சொல்லாத சொல். "அவசரம்" என்பதை எடுத்துவிடுங்கள், அவசரத்தின் அளவைக் குறிக்கத் தனி இடம் உண்டு. ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைக் கோத்து உருவம் கொடுக்கும் நிரலகம்) பற்றிய ஊகத்தையும் தூக்கிவிடுங்கள். ஊகம் தவறாக இருந்தால் படிப்பவர் ஒரு மணி நேரம் தவறான கதவைத் தட்டுவார். அவருக்கு வேண்டியது நான்கு: எங்கிருந்து தொடங்குவது, என்ன செய்வது, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நமக்குத் தவறாகத் தெரிவது, தமிழ் படிக்காதவருக்குச் சரியாகவே தெரியும்.

இப்படி மாற்றலாம் (போவது ஆங்கிலத்தில்தான், பொருள் மட்டும் இங்கே):

"29.3; 2 எம்பி தமிழ் உரையில் ஒவ்வொரு விசைக்கும் 1 முதல் 2 விநாடி தாமதம்

ஈமேக்ஸ் மைனஸ் பெரிய க்யூவில் தொடங்கவும். இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும். எம்-> அடித்துக் கோப்பின் கடைசிக்குச் செல்லவும். ஏ என்ற ஆங்கில எழுத்தை 10 முறை தட்டவும். ஒவ்வொரு தட்டலுக்கும் திரை 1 முதல் 2 விநாடி கழித்தே மாறுகிறது. உடனே மாறியிருக்க வேண்டும். இதே அளவுள்ள ஆங்கிலக் கோப்பில் தாமதம் இல்லை. ப்ரொஃபைலர் அறிக்கை கீழே."

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். ஆங்கிலக் கோப்பில் எப்படி என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். அங்கேயும் உறைந்தால் இது தமிழ்ச் சிக்கலே இல்லை, தலைப்பே மாறிவிடும். அப்புறம் 2 எம்பியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போங்கள். எந்த அளவில் தாமதம் மறைகிறது என்பதும் ஒரு தகவல்.

அனுப்பும் முறை: எம்-எக்ஸ் ரிப்போர்ட்-ஈமேக்ஸ்-பக். தலைப்பு கேட்கும், முன்னால் "29.3;" என்று பதிப்பை அதுவே போட்டுக்கொள்ளும். கடிதத்தின் அடியில் பதிப்பு, எந்த அமைப்புகளோடு கட்டப்பட்டது, மொழி அமைப்பு, ஓடும் மைனர் மோடுகள் எல்லாம் தானாக வந்திருக்கும். அதை வெட்டாதீர்கள், பாதி பதில் அதில்தான் இருக்கிறது. அதனாலேயே கட்டளையை க்யூவில் தொடங்கிய ஈமேக்ஸுக்குள்ளிருந்தே ஓட்ட வேண்டும். ஆனால் அனுப்பும் முன் ஒருமுறை படியுங்கள்: லோட்-பாத் பகுதியில் உங்கள் ஹோம் அடைவின் பெயர் இருக்கலாம். கடிதமும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் பொதுக் காப்பகத்தில் நிரந்தரமாக நிற்கும். இணைப்புக் கோப்பில் ஆபீஸ் விவரம் இருந்தால் வேறு உரையை நிரப்பி அதே தாமதம் வருகிறதா என்று பாருங்கள்.

ஈமேக்ஸில் மின்னஞ்சல் அமைக்கவில்லை என்றால், தயாரான உரையை அப்படியே காப்பி செய்து வழக்கமான மின்னஞ்சலிலிருந்து அனுப்பலாம். தமிழ் மாதிரியைக் கடிதத்தின் உடலில் ஒட்டாமல் ஜிஸிப் செய்து இணையுங்கள். வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் மூன்று குறியீட்டை இரண்டாக்கிவிட்டால் மறுமுனையில் வழுவே காணாமல் போகும்.

முதல் கடிதம் ஸ்பேம் சோதனைக்காகச் சற்று நிற்கக்கூடும். வரவில்லையே என்று மறுபடி அனுப்பாதீர்கள், இரண்டு எண் விழும். எண் வந்ததும் பேச்செல்லாம் அந்த எண்ணுக்குரிய முகவரியையும் சேர்த்து, அனைவருக்கும் பதிலாக. ஒருவருக்கு மட்டும் பதில் போட்டால் காப்பகத்தில் ஏறாது.

---

ஒற்றுப்பிழை:

உருவம் உடையுற பக்குக்கு ஒண்ணு சேத்துக்கறேன், நாளைக்கு வேற யாராச்சும் தேடி வருவாங்க. கொம்பு தப்பான பக்கம் நிக்குது, புள்ளி வட்டம் வருதுன்னா எழுத்து மேல கர்சர் வெச்சு கண்ட்ரோல்-யூ கண்ட்ரோல்-எக்ஸ் = அடிங்க. எந்த எழுத்துரு, எந்த கிளிஃப் (எழுத்துருவுக்குள்ள இருக்கிற உருவம்) எண், எதோட சேந்திருக்குன்னு எல்லாம் வரும். எழுத்துரு பேருக்கு முன்னால எஃப்டிசிஆர்ஹெச்பின்னு இருந்தா கெய்ரோவும் ஹார்ஃப்பஸும் வேலை செய்யுது. ஹார்ஃப்பஸ் 27-ல வந்தது, அதுக்கு முந்தின பதிப்புல வர்ற உருவப் பிழையை இப்போ அனுப்பிப் பிரயோஜனமில்ல.

அப்புறம் ஹார்ஃப்பஸோட வர்ற ஹெச்பி-வியூ கட்டளைல அதே எழுத்துரு, அதே உரை குடுத்துப் படம் எடுங்க. அங்கயும் உடைஞ்சிருந்தா தப்பு எழுத்துருலயோ ஹார்ஃப்பஸ்லயோ, ஈமேக்ஸ்காரங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க. அங்க சரியா இருந்தா அந்தப் படத்தையும் ஈமேக்ஸ் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்புங்க. தமிழ் தெரியாதவங்ககூட ஆறு வித்தியாசம் கண்டுபிடிச்சுடுவாங்க. இங்க மட்டும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அனுமதி உண்டு.

டெர்மினலுக்குள்ள ஓட்டுற ஈமேக்ஸ்ல உருவம் உடைஞ்சா அது டெர்மினலோட வேலை. இதைப் புகாரா எழுதி வாங்கிக் கட்டிக்காதீங்க.

---

டெர்மினல்_தம்பி:

விம் என்ற இன்னொரு எடிட்டரின் ஆட்களுக்காக: அங்கே க்யூவுக்கு இணை, விம் மைனஸ் மைனஸ் க்ளீன். குறியீட்டு எண் பார்க்க எழுத்தின் மேல் ஜிஏ. சாதாரண நிலையில் எக்ஸ் அடித்தால் "கொ" முழுதாகப் போகும். டெல்கம்பைன் அமைப்பை இயக்கினால் துண்டு துண்டாகப் போகும். ஒரு அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் :வெர்போஸ் செட், அமைப்பின் பெயர், கேள்விக்குறி. கடைசியாக அதைத் தொட்ட கோப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். விம்ரன்டைம் அடைவில் பக்ரிப்போர்ட் என்றே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதை சோர்ஸ் செய்தால் விவரமெல்லாம் ஒரு உரைக் கோப்பில் விழும்.

---

வரிவடிவம்:

க்யூ போட்டால் உறையவில்லை! இனிட் கோப்பு 400 வரி. பாதியைக் கமெண்ட் செய்து, மீண்டும் பாதி என்று 9 சுற்றில் பிடித்துவிட்டேன். வீட்டில் மட்டும் இருக்கும் துண்டு இது: ஒவ்வோர் எழுத்து தட்டியதும் ஓடும் போஸ்ட்-செல்ஃப்-இன்செர்ட்-ஹூக்கில் யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன், பாயிண்ட்-மின் முதல் பாயிண்ட்-மேக்ஸ் வரை. தேடல் கிடைக்கவில்லை என்று எப்போதோ எங்கிருந்தோ ஒட்டியது. பேக்ட்ரேஸிலும் அதே பெயர்தான் நிற்கிறது.

---

புள்ளிக்காரன்:

ஆக வீட்டில் கலப்பு ஏன் இல்லை என்பதற்கும் விடை வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் 2 எம்பி முழுவதையும் படித்து 3014, 3006 என்ற ஜோடியையெல்லாம் 3018 ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறது. உறையாமல் என்ன செய்யும்?

ஆபீஸ் கோப்புக்கும் அந்தத் துண்டு தேவைதான், ஹூக் மட்டும் தப்பு. பிஃபோர்-சேவ்-ஹூக்கில் போடுங்கள், சேமிக்கும்போது ஒருமுறை ஓடினால் போதும். தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் என்றால் ஆட்-ஹூக்கின் கடைசியில் நில், டி கொடுத்து அந்த பஃபரோடு நிறுத்துங்கள். நிரல் கோப்புகளில் இதைத் திறந்து விடாதீர்கள். யாரோ வேண்டுமென்றே எழுதிவைத்த மூன்று குறியீட்டுச் சரத்தையும் மாற்றிவிடும், கிட் டிஃபில் தொடாத வரியெல்லாம் மாறியதாக வந்து நிற்கும்.

---

வரிவடிவம்:

அப்படியானால் அனுப்ப ஒன்றுமே இல்லையா? பேக்ஸ்பேஸும் டெலீட் மாதிரி முழு எழுத்தையும் அழிக்க ஒரு வசதி கேட்கலாமா?

---

ஒற்றுப்பிழை:

கேக்கலாம். அது பக் இல்ல, விஷ்லிஸ்ட். அதே கட்டளைலதான் அனுப்பணும், தலைப்புலயே "வசதி கோரிக்கை"ன்னு போட்டுடுங்க. முதல்ல இப்போ இருக்கிற புதுப் பதிப்பை இறக்கி அதோட நியூஸ் கோப்புல தேடுங்க. இன்னொண்ணு: துண்டா அழியறது தட்டுறப்போ வசதின்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, "கொ"னு தப்பா தட்டிட்டு "கோ" ஆக்க க-வை மறுபடி தட்ட வேண்டாம்ல. அதனால "மாத்துங்க"ன்னு கேக்காம, "டீஃபால்ட் அப்படியே இருக்கட்டும், விருப்பமா ஒரு மாறி குடுங்க"ன்னு கேளுங்க.